சாக்ஸுக்குள் இருந்த மிட்டாய்

ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. கே.கே. நகரில் மகன் வீட்டு மாடியில், காலையில் நடை, மத்தியானம் தூக்கம் என்று நிம்மதியாக இருந்த என்னைப் போன வாரம் ரேவதி உலுக்கிவிட்டாள். நான் கணக்கு டீச்சராகவும் சாரணியர் பொறுப்பாசிரியையாகவும் இருந்த பெண்கள் பள்ளியில் இப்போது அந்தப் பொறுப்பு அவளுடையது. பீரோவைச் சுத்தம் பண்ணும்போது என் கையெழுத்தில் ஒரு தாள் கிடைத்ததாம். அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, கீழே கேட்டிருந்தாள்: "டீச்சர், கோடை முகாமுக்கு இன்னும் ரெண்டு வாரந்தான் இருக்கு. இதையே பெத்தவங்க குரூப்ல போட்டுரவா?"

ஏழு நாள் முகாமுக்குப் பிள்ளைகள் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று நான் தயாரித்த பட்டியல் அது. கடைசி வரி மட்டும் சிவப்பு மையில், அடியில் இரண்டு கோடுகளோடு இருந்தது. 'தின்பண்டம் எதுவும் கொண்டுவரக் கூடாது. மீறினால் பறிமுதல் செய்யப்படும்.'

அதைப் பார்த்ததும் அவளுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. வகுப்பில் இருப்பாள். அதற்குள் குரூப்பில் போட்டுத் தொலைத்திருப்பாளோ என்று மறுபடி மறுபடி போட்டேன். கடைசியில் 'போடாதே' என்று மட்டும் தட்டி அனுப்பினேன். ஏன் போடக் கூடாது என்பதைப் போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் இதை எழுதுகிறேன்.

நான் ஆசைப்பட்டுச் சாரணியர் ஆசிரியை ஆனவள் இல்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், கல்யாணமாகாதவள், வீட்டில் காத்திருக்கப் பிள்ளை குட்டி இல்லாதவள் என்று என் தலையில் கட்டினார்கள். பத்து நாள் பயிற்சிக்குப் போய், முடிச்சுப் போடவும், கூடாரம் அடிக்கவும், மூன்று கல் வைத்துச் சோறு பொங்கவும் கற்றுக்கொண்டு, கொப்புளம் வந்த காலோடு திரும்பினேன். அதற்கப்புறம் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, தலை நரைத்தும் அந்த விசில் என் கழுத்தை விட்டு இறங்கவில்லை.

முகாமை விட முகாமுக்கு முந்திய இரண்டு வாரம்தான் எனக்கு உயிர் போகும். முதல்முறையாக வீட்டை விட்டுத் தனியாகப் படுக்கப்போகிற பிள்ளைகள். பையைத் தூக்கத் தெரியாது, தலை பின்னத் தெரியாது, சில பிள்ளைகளுக்குத் தன் துணியைத் துவைக்கத் தெரியாது. என் கவலை எல்லாவற்றையும் அந்தப் பட்டியலில் இறக்கி வைத்திருந்தேன். சோப்பு டப்பாவில் பெயர் எழுத வேண்டும். உள்ளாடை ஏழு செட். டார்ச் லைட்டிலிருந்து பேட்டரியைத் தனியே கழற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பைக்குள்ளேயே எரிந்து தீர்ந்துபோகும். இதில் தப்பு கண்டுபிடிக்க யாராலும் முடியாது என்று இறுமாப்பு வேறு.

முகாமுக்குப் பத்து நாள் முன்னால் ஒரு சனிக்கிழமை பை சோதனை வைப்பேன். பிள்ளைகள் மைதானத்தில் ஆளுக்கொரு போர்வையை விரித்து, பட்டியலில் உள்ள வரிசைப்படி பொருள்களை அடுக்கி வைக்க வேண்டும். நான் ஒவ்வொரு போர்வையாகப் போவேன். தின்பண்டம் இருந்தால் எடுத்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் போடுவேன். பைக்குள் தின்பண்டம் இருந்தால் எறும்பு வரும், அதோடு பங்குச் சண்டையும் வரும். அந்த வாளியில் நான் பார்க்காதது இல்லை. முறுக்கு, அதிரசம், ஒரு வருஷம் முழு ஊறுகாய் ஜாடி. ஒரு அம்மா தலையணை உறைக்குள் கடலை மிட்டாயைப் பரப்பித் தைத்தே கொடுத்திருந்தார். சோதனை முடிந்ததும் அதே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெப்பக்குளம் வரை நடந்து திரும்ப வேண்டும். பாரம் தாங்குகிறார்களா என்று பார்க்கத்தான் அந்த நடை.

பாண்டிச்செல்வி என்று ஒருத்தி ஒரு வருஷம் வந்தாள், எட்டாம் வகுப்பு. ஒல்லியாக, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பிள்ளை. அவளுடைய அப்பா அம்மா பேரையூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிப் பழக்கடை வைத்திருந்தார்கள். சோதனையன்று அவள் போர்வையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. சாக்ஸ் இரண்டும் உருட்டி வைக்கப்பட்டிருந்தன. எடுத்துப் பார்த்தேன், கனத்தது. கவிழ்த்தால் மிட்டாய். இரண்டு சாக்ஸிலும் அடைத்து வைத்திருந்தாள். சோப்பு டப்பாவைத் திறந்தால் அதற்குள் குளுக்கோஸ் பிஸ்கட்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சாக்ஸை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்து, "ஏத்தா, அப்பா பழக்கடை, நீ மிட்டாய்க்கடையா?" என்றேன். மைதானமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. வாளிக்குள் விழுகிற மிட்டாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் அடுத்த போர்வைக்குப் போய்விட்டேன்.

நடை தொடங்கியபோது மணி ஒன்பது இருக்கும். வெயில் ஏறிவிட்டது. தெப்பக்குளத்துக்குக் கொஞ்சம் முன்னால் பாண்டிச்செல்வி பின்தங்கினாள். பையை இறக்கி நடைபாதையில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். போய்ப் பார்த்தேன். முகமெல்லாம் வேர்வை, கை நடுங்கியது. "எந்திரித்தா, இன்னும் கொஞ்சந்தான்" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்து, "போ, வரமாட்டேன்" என்றாள். ஒரு டீச்சரைப் பார்த்து 'போ' என்று சொல்கிற பிள்ளை இல்லை அவள். மிட்டாயைப் பிடுங்கிய கோபம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் அணித்தலைவி ஃபர்சானா குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "டீச்சர், மிட்டாய் வேணுங்குறா" என்றாள்.

"மிட்டாய் வேணுமா, அடம் பிடிச்சா குடுத்துருவாகளா?" என்று அதட்டினேன். இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. பிறகு அவள் கண் ஒரு மாதிரி செருகவும்தான் பயம் வந்தது. வெயில் தாக்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். முதலுதவிப் பாடம் எடுக்கிறவள் அல்லவா நான். நிழலுக்கு இழுத்துப் போய், முகத்தில் தண்ணீர் தெளித்து, கொண்டு வந்திருந்த உப்பு மோரைக் குடிக்க வைத்தேன். நடுக்கம் அதிகமானது. மறுபடி மோர் கொடுத்தேன். புத்தகத்தில் இருந்ததை எல்லாம் செய்தும் அந்தப் பிள்ளை என் கண் முன்னால் மங்கிக்கொண்டே போனாள்.

எதிரே கரும்புச் சாறு பிழிகிற ஒரு அம்மா மெஷினை நிறுத்திவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடி வந்தார். பிள்ளையின் சட்டைக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். தொப்பலாக நனைந்திருந்தது.

"டீச்சரம்மா, இது வெயிலு இல்ல. எங்க வீட்டுக்காரரு சுகருக்கு ஊசி போட்டுட்டுச் சாப்பிடாமப் போனா இப்புடித்தான் வரும். இந்தப் பிள்ளைக்கு ஊசி கீசி போடுறாகளா?"

"இவளுக்குப் பதிமூணு வயசுதாங்க ஆகுது" என்றேன்.

"வயசு கெடக்கட்டும், மொதல்ல இதக் குடுங்க. முழுங்குறாளான்னு பாத்து, மெள்ள மெள்ள" என்று சாற்றை டம்ளரோடு என் கையில் கொடுத்தார்.

வாய் வாயாகக் கொடுத்தேன். ஒரு டம்ளர் இறங்கிப் பத்து நிமிஷத்தில் அந்தப் பிள்ளை கண்ணைத் திறந்து, சுற்றி நிற்பவர்களைப் பார்த்து, முதலில் சொன்னது இது: "எங்க அம்மாகிட்ட சொல்லிராதீங்க டீச்சர். நான் யார்கிட்டயும் சொல்லல." கொஞ்சம் தள்ளி ஃபர்சானாவும் மற்ற பிள்ளைகளும் நின்றிருந்தார்கள். அவர்களை நான் அப்போது கவனிக்கவில்லை.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். இரண்டு வருஷமாக அவளுக்குச் சர்க்கரை. காலையிலும் சாயங்காலமும் தனக்குத் தானே ஊசி போட்டுக்கொள்கிறாள். பள்ளியில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. அன்று காலை ஊசி போட்டுவிட்டு, சோதனைக்கு நேரமாகிவிட்டதென்று ஒரே ஒரு இட்லியோடு ஓடி வந்திருக்கிறாள். நடுக்கம் வந்தால் வாயில் போட்டுக்கொள்ளத்தான் அவள் அம்மா அத்தனை மிட்டாயை வைத்துக் கொடுத்தது. அதைத்தான் நான் வாளியில் கொட்டினேன்.

திங்கட்கிழமை தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். சொர்ணம் டீச்சர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. எதிரே உட்கார வைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்து மேஜையில் வைத்துவிட்டு, நாம் சொல்லச் சொல்ல "அப்புறம்?" என்பார். நாம் முடித்துவிட்டோம் என்று நினைத்தாலும் இன்னொரு "அப்புறம்?" வரும். மறைக்க நினைத்ததெல்லாம் அதில் வெளியே வந்துவிடும். சாக்ஸைத் தூக்கிக் காட்டிச் சிரித்ததை நான் மூன்றாவது "அப்புற"த்தில் சொன்னேன். மோர் கொடுத்ததை நான்காவதில்.

"முகாம் படிவத்துல அவங்க அம்மா பொய் எழுதிக் குடுத்துட்டாங்க டீச்சர்" என்று என் பக்கத்துக்கு ஒரு நியாயம் வைத்தேன்.

"அந்தப் படிவத்தை எடுங்க. சத்தமா வாசிங்க."

வாசித்தேன். "பிள்ளைக்கு ஏதேனும் நோய் உண்டா? ஆம், இல்லை. ஆம் எனில் முகாமில் அனுமதி இல்லை."

"இத்தனை வருஷத்துல எத்தனை பேர் 'ஆம்'னு எழுதியிருக்காங்க?"

"ஒருத்தர்கூட இல்ல டீச்சர்."

"அப்புறம்?"

என் பிள்ளைகள் எல்லாம் ஆரோக்கியமான பிள்ளைகள் என்று அத்தனை வருஷமும் பெருமையாக நினைத்திருக்கிறேன். பொய்யை எழுதச் சொல்லி அச்சடித்துக் கொடுத்தவள் நான்தான்.

அந்த நேரத்தில் பாண்டிச்செல்வியின் அம்மா ஈஸ்வரி உள்ளே வந்தார். கடையிலிருந்து அப்படியே வந்திருக்கிறார், கையில் பழம் துடைக்கிற துணி. சண்டைக்கு வருவார் என்று பயந்திருந்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அது அடியை விட மோசமாக இருந்தது.

"முகாமுக்கு வேணாம் டீச்சர், பேர அடிச்சிருங்க. ஆனா வெளிய மட்டும் தெரிய வேணாம். மூத்தவளுக்குப் பேரையூர்லயிருந்து மாப்ள வீட்டுக்காரக வந்து பேசி முடிச்சிருக்காக. தங்கச்சிக்கு இம்புட்டு வயசுல சுகருன்னு தெரிஞ்சா, குடும்பத்துலயே இருக்குன்னு எந்திரிச்சுப் போயிருவாக. நாளைக்கு இவளுக்கும் ஒருத்தன் வரணும்ல."

"பிள்ளைக்குப் போகணும்னு ஆசையா?" என்று சொர்ணம் டீச்சர் கேட்டார்.

"அதான டீச்சர் கொடுமை. ரெண்டு வருசமா எங்கயும் அனுப்பல. சொந்தக்காரக வீட்டுக்குக்கூட அனுப்பல. இத ஒண்ணத்தான் கேட்டா."

தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். "நான் போகச் சொல்லவும் மாட்டேன், வேணாம்னு சொல்லவும் மாட்டேன். கூட இருக்கப்போறது நீங்க. ஏழு நாள் பாத்துக்க முடியுமா? முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க. அதுல கேவலம் ஒண்ணுமில்ல."

முடியாது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஏதாவது ஆகிவிட்டால் என்ன பதில் சொல்வேன்? ஆனால் 'மிட்டாய்க்கடை' என்ற பட்டப்பெயர் அதற்குள் பள்ளி முழுவதும் பரவியிருந்தது. அந்தப் பெயரோடு அவளை வீட்டில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. "ஒரு வாரம் குடுங்க டீச்சர், கத்துக்கிட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

அந்த வாரம் முழுவதும் பள்ளி விட்டதும் ஆரப்பாளையம் போனேன். கடைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. முதல் நாள் ஈஸ்வரி மருந்தைக் காட்டினார். ஃபிரிட்ஜ் கிடையாது. அகலமான மண்சட்டியில் மணலை நிரப்பி, தண்ணீர் ஊற்றி, அதன் நடுவே ஒரு சின்னப் பானையைப் புதைத்து வைத்திருந்தார். பானைக்குள் பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் இன்சுலின் பாட்டில். மேலே ஈரத்துணி. கையை உள்ளே விட்டால் அந்தச் சித்திரை வெயிலிலும் ஜில்லென்றிருந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக்கொடுத்த ஏற்பாடாம். யாராவது கேட்டால் தயிர்ப்பானை என்று சொல்வாராம்.

ஊசி போட நான் பழகியது கடையில் இருந்த சாத்துக்குடியில். வெறும் தண்ணீரை ஏற்றி ஏற்றிப் பழகினேன். பாண்டிச்செல்வி எதிரே உட்கார்ந்து, "டீச்சர், சரிச்சுக் குத்துறீங்க, நேராப் பிடிங்க" என்று திருத்துவாள். விரல் நுனியில் சொட்டு ரத்தம் எடுத்து மெஷினில் பார்க்கவும் அவளே காட்டினாள். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கடிதம் வாங்கினேன். நர்ஸிடம் கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டேன். "மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, நேரா ஆஸ்பத்திரிதான்" என்பதை அவர் அலுக்காமல் சொன்னார். முகாம் தலைவரிடம் நேரில் போய் விஷயத்தைச் சொல்லி, பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை தூரம், ஜீப் எப்போதும் நிற்குமா என்று விசாரித்தேன். சாப்பாட்டு நேரம், ஊசி நேரம், நடை நேரம் என்று கட்டம் போட்டு ஒரு நோட்டு தயார் செய்தேன். வாரம் முடிந்ததும் தலைமையாசிரியையிடம், "பாத்துக்கிறேன் டீச்சர்" என்றேன். அப்படியும் தூக்கம் பிடிக்கவில்லை.

இதில் பெரிய சிக்கல், வெளியே சொல்ல மாட்டேன் என்று ஈஸ்வரிக்குக் கொடுத்த வாக்குதான். என்னையும் தலைமையாசிரியையையும் முகாம் தலைவரையும் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. ஆனால் நான் கூட இல்லாத ஐந்து நிமிஷத்தில் நடுக்கம் வந்தால்? யோசித்து ஒரு தந்திரம் செய்தேன். பட்டியலில் சிவப்பு வரியை அடித்துவிட்டு, 'ஒவ்வொருவரும் சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் வைத்திருக்க வேண்டும்' என்று எழுதினேன். "யாருக்கு மயக்கம் வந்தாலும் குடுக்கத்தான். தின்னுறக் கூடாது" என்று எல்லோரிடமும் பொதுவாகச் சொன்னேன். எல்லார் பையிலும் இருந்தால் யாருக்காக என்று யாருக்குத் தெரியப்போகிறது? என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கிளம்புகிற அன்று ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறும்போது மண்சட்டி என் மடியில். "என்ன டீச்சர், முகாமுக்கே தயிரா?" என்று கண்டக்டர் கேட்டார். "ஆமாண்ணே, எனக்கு வெளித்தயிரு சேராது" என்றேன். ஈஸ்வரி ஜன்னலுக்குக் கீழே நின்று மகளிடம் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "யார்கிட்டயும் சொல்லிராத."

சிறுமலை அடிவாரத்தில் அந்த ஏழு நாளும் நான் நானாக இல்லை. பிள்ளைகள் பாடினால் பாட்டு காதில் விழாது, அவள் குரல் மட்டும் தெளிவாக இருக்கிறதா என்று கேட்பேன். வேர்த்தால் பயம், வேர்க்காவிட்டாலும் பயம். மூன்றாம் நாள் மலையேற்றத்தில் ஒருமுறை அவள் லேசாகத் தடுமாறினாள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அவள் வாயில் மிட்டாய் இருந்தது, நிமிர்ந்து நின்றாள். தன் பையில் இருந்ததைத்தான் போட்டுக்கொண்டாள் என்று நினைத்தேன். அவளை 'மிட்டாய்க்கடை' என்று கூப்பிடுகிற சத்தம் இரண்டாம் நாளுக்கு மேல் கேட்கவில்லை. அதைக் கவனித்தேன், காரணம் யோசிக்கவில்லை.

கடைசி நாள் பை சோதனையில் அவள் அணியில் எல்லோர் சட்டைப் பையிலும் மிட்டாய் அப்படியே இருந்தது. மற்ற அணிகளில் முதல் நாள் சாயங்காலமே காலி. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் மிட்டாயை ஏழு நாள் தின்னாமல் வைத்திருக்கிறார்களே, என் கண்டிப்பு வீண்போகவில்லை என்று பூரித்துப்போனேன். இத்தனை வருஷம் வகுப்பெடுத்தும் பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் தெரியாதவளாகவே இருந்திருக்கிறேன்.

திரும்பி வந்து ஆரப்பாளையத்தில் இறங்கியபோது ஈஸ்வரி கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தார். மகளின் கையைத் தொட்டார், நெற்றியைத் தொட்டார், கன்னத்தைத் தொட்டார். நான் சட்டியை இறக்கி அவர் காலடியில் வைத்தேன். ஏழு நாளில் முதல்முறையாக எனக்கு நன்றாக மூச்சு வந்தது.

அப்போது ஃபர்சானா முன்னால் வந்து, சட்டைப் பையிலிருந்து இரண்டு மிட்டாயை எடுத்து ஈஸ்வரியின் கையில் வைத்தாள். வெயிலில் இளகித் தாளோடு ஒட்டியிருந்தது. "இந்தாங்க அத்த. என்னோடது தேவைப்படல. மலையில மட்டும் ஒண்ணு தமிழரசி குடுத்தா, பெறவு அவளுக்கு வேற வாங்கிக் குடுத்துட்டோம்" என்றாள். அடுத்து தமிழரசி வந்தாள். அடுத்து இன்னொருத்தி. அணியில் இருந்த ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து மிட்டாயை வைத்துவிட்டுப் போனார்கள்.

ஈஸ்வரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். "நான் சொல்லலங்க" என்றேன்.

"நாந்தாம்மா சொன்னேன்" என்றாள் பாண்டிச்செல்வி. "தெப்பக்குளத்துல அவளுக எல்லாம் பயந்துட்டாளுக. டீச்சர் ஆட்டோ பிடிக்கப் போனப்ப என்னன்னு கேட்டாளுக. சொன்னேன்."

"ஏழு வீட்டுக்கும் தெரிஞ்சுபோச்சாடி?"

"வீட்டுக்கெல்லாம் தெரியாதும்மா. எங்களுக்கு மட்டுந்தான் தெரியும்."

ஈஸ்வரி அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார். அவர்கள் அதற்குள் தங்கள் அம்மாக்களிடம் பையைக் கொடுத்துவிட்டு, பசிக்கிறது, கால் வலிக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஈஸ்வரி மிட்டாயை எல்லாம் முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, முடிச்சை அவிழ்த்து இரண்டை எடுத்து என் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"வச்சுக்கங்க டீச்சர். அடுத்த வருசம் ஏதாவது ஒரு பிள்ள வரும், அதுவும் சொல்லாம வரும்."